உங்கள் இஷ்டம்

நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த வார்த்தை புழங்குகிறது என்று யாராவது கணக்கெடுத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும். "உங்க இஷ்டம்." பெண்ணை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கணவன் கேட்டால் மனைவி சொல்லுவது இது. இரண்டு புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு எது நன்றாயிருக்கிறது என்று மனைவி கேட்டால் கணவன் சொல்லுவதும் இதுதான். ("உன் இஷ்டம்" என்று ஒருமையில் சொல்லுவான், மரியாதை ஒரு படி குறைகிறதே தவிரப் பொருளில் வித்தியாசம் இல்லை.) வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் காபியா, டீயா என்று கேட்டால் அவரும் இதையே சொல்லி மாமியாரைத் திண்டாட வைக்கிறார். காதுக்கு எவ்வளவு பணிவான வார்த்தை! தன் விருப்பத்தைத் தூக்கி எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிற வார்த்தை. தியாகம் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

எனக்கு மட்டும் இந்த வார்த்தையின் மேல் நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. விருப்பத்தைக் கொடுக்கிறவர் அதோடு பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார் அல்லவா? புடவை சாயம் போனாலும் சரி, காலேஜ் சரியில்லை என்று பெண் அழுதாலும் சரி, "நான் என்னத்தைக் கண்டேன், உங்க இஷ்டம்னுதானே சொன்னேன்" என்று நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும் உரிமை, வாயைத் திறக்காதவருக்குத்தான் முழுசாக இருக்கிறது. அப்படியானால் அன்பினால் விட்டுக்கொடுப்பது எது, பழி வராமல் ஒதுங்கிக்கொள்வது எது என்று எப்படிப் பிரித்து அறிவது? மேலுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரே குரலில்கூடச் சொல்லப்படுகின்றன.

இது ஒரு பெரிய தத்துவப் பிரச்னையா என்று அன்பர்கள் சிரிக்கலாம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பெரிய பிரச்னைதான். நான் பார்த்த குடும்பங்களில் பயங்கரமான துரோகத்தினால் உடைந்தவை மிகக் குறைவு. இந்த மாதிரிச் சின்ன வார்த்தைகளால் மெல்லக் கீறல் விட்டவைதான் அதிகம்.

வருஷத்தில் இந்தக் கேள்வி மிகவும் கூர்மையாக எழுகிற நாள் கலியாண நாள். நம் பாட்டனார்களுக்கு இந்த நாள் கிடையாது. கலியாணம் நடந்த தேதி அவர்களுக்கு நினைவிருந்ததா என்பதே சந்தேகம். "பெரிய வெள்ளம் வந்த வருஷம், வைகாசியிலே" என்பார்கள். அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, அதற்கும் மேலே இருந்தால் சதாபிஷேகம். நடுவில் காரடையான் நோன்பு வரும். அன்று மனைவி நோற்பாள், அடை செய்வாள். கணவனுக்கு அந்த விசேஷத்தில் தின்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. புருஷனும் பெண்டாட்டியுமாக மட்டும் வெளியே போய், ஒரு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது நேற்று வந்த வழக்கம். வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். பந்திக்கெல்லாம் பரிமாறிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து, அடிச்சட்டியில் மிஞ்சியதை ஆறிப்போனபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், வருஷத்தில் ஒரு நாளாவது முதல் பந்தியில் சுடச்சுடச் சாப்பிடுகிறாளே, அதற்கு எந்தத் தேசத்து வழக்கமாக இருந்தால் என்ன? ஆனால் நாள் வந்தவுடன் கூடவே கேள்வியும் வந்துவிட்டது. எங்கே சாப்பிடுவது?

சொந்த ஊரில் இதற்கு ஏதோ ஒரு பதில் பழக்கத்திலேயே கிடைத்துவிடும். பிரயாணத்தின் நடுவில், தெரியாத ஊரில், கைவசம் நாலு மணி நேரமே இருக்கும்போது வந்தால்தான் ஆளைப் பார்க்கிறது.

சென்ற ஆண்டு எங்களுடைய இருபதாவது கலியாண நாள் எங்களை ஆம்பூரில் பிடித்தது. வாணியம்பாடியில் பகலில் ஒரு கூட்டம். இரவு ஆம்பூரில் சென்னைக்கு ரயில். இடைப்பட்ட சாயங்காலம் எங்களுடையது.

காதலர்களுக்கு ஆம்பூரை யாரும் சிபாரிசு செய்யமாட்டார்கள். ராணிப்பேட்டையிலிருந்து வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றை ஒட்டி நீளுவது தோல் சீமை. 'தோல் ஷாப்பு' என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லுகிற பதனிடும் தொழிற்சாலைகளும், ஷூ கம்பெனிகளும்தான் அங்கே சோறு போடுகின்றன. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். பிற்பாடு குரோமியம் வந்தது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த ஒரு வாடை வரும். வெளியூர்க்காரன் கர்ச்சீப்பை எடுப்பான். உள்ளூர்க்காரன் காற்று திரும்பிவிட்டது என்று மட்டும் சொல்லுவான். சாயங்கால ஷிப்டு விட்டதும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. ஜன்னல்கள் நிறையப் பெண்கள். ஐரோப்பாவில் யாரோ ஒரு துரை தன் கலியாண நாள் விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகப்போகிற ஜோட்டின் மேல்தோலை அன்றைக்குத் தைத்து முடித்தவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர்களில் இரண்டு பேர் கறிகாய்க் கடையில் பேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். ராத்திரிச் சமையல் அவர்களுக்காகக் காத்திருக்கிறது போலும்.

ஊருக்குச் சரித்திரமும் இருக்கிறது. 1749 ஆகஸ்டில் இங்கே நடந்த சண்டையில்தான் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான், சந்தா சாகிபும் முஸாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து கொண்டுவந்த படையிடம் தோற்று உயிரை விட்டார். கர்நாடக யுத்தம் என்று பாடப் புத்தகத்தில் படித்து மார்க்கு வாங்கிய அத்தியாயம் அது. அதைப் பார்க்க அங்கே யாரும் வருவதில்லை. வருகிறவர்களெல்லாம் பிரியாணிக்காக வருகிறார்கள். அதுவும் நவாபின் சமையல்காரர்கள் வழியாக வந்தது என்று ஊரார் சொல்லுகிறார்கள். நவாப் மாண்ட ஊரில் நவாபின் அடுப்பு மட்டும் அணையாமல் எரிகிறது!

அந்த அடுப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் ஆம்பூர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். மற்ற ஊர்களில் நீள அரிசியைத் தேடி அலைவார்கள். இங்கே சீரகச் சம்பா. பொடி பொடியாக, சீரகத்தைப் போலவே இருக்கும் அந்த அரிசிக்குக் கறியின் சாரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் குணம் உண்டு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறத்துக்கும் காரத்துக்கும் ஆதாரம். மசாலா ஜம்பம் அதிகம் கிடையாது. கறி தனியாக வேகும். அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து அதன்மேல் கொட்டி, தேக்சாவை மூடி, மூடியின் மேல் விறகுத் தணலை அள்ளிப் போட்டுத் தம் விடுவார்கள். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. தொட்டுக்கொள்ள வெங்காயப் பச்சடியும், புளி விட்டுச் சுண்டவைத்த எண்ணெய்க் கத்திரிக்காயும். இந்தக் கத்திரிக்காய் பின்னால் கதையில் வருகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் இருந்து என்ன? அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

என் மனைவி வெள்ளிக்கிழமை மாமிசம் தொடுவதில்லை. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆசாரம் இல்லை இது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் எங்கள் மகன் வேலூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தான். ஒன்பதாம் நாள் ஜுரம் இறங்கியது. அந்த எட்டு ராத்திரிகளில் ஏதோ ஒரு ராத்திரி அவள் செய்துகொண்ட சங்கற்பம். எந்தத் தெய்வத்திடம் என்று அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. எனக்கு விரதங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த விரதம் எங்கள் கலியாணத்துக்குள்ளேயே பிறந்த விரதம். கலியாண நாளன்று அதை யார் எப்படித் தாண்டுவது?

"ஆம்பூருக்கு வந்துட்டு நீங்க பிரியாணி சாப்பிடாமப் போனா நல்லா இருக்காதுங்க" என்றாள் அவள்.

"நீ?"

"நான் ஏதாச்சும் பாத்துக்கறேன். உங்க இஷ்டம்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. சைவ ஹோட்டலுக்கே போகலாம். உன் இஷ்டம்."

லக்னோவில் இரண்டு கனவான்கள், "முதலில் தாங்கள்", "இல்லை, முதலில் தாங்கள்" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே நின்று ரயிலை விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்லுவார்கள். கடைத்தெருவில் நாங்களும் அந்த நிலைமையில்தான் நின்றோம். எங்களுக்கும் ரயில் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நான் சைவ ஹோட்டலுக்குப் போனால் அது தியாகம். ஆனால் அந்தத் தியாகத்தை அவள் தலையில் கட்டுகிறேன். தோசை விண்டு வாயில் போடும்போதெல்லாம், தன் விரதத்துக்காக இன்னொருவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எதிராளி கேட்காத தியாகத்தை அவர் கண் முன்னாலேயே செய்வதற்கும், கேட்காத கடனைக் கொடுத்து வட்டிக்கு நிற்பதற்கும் பெரிய வித்தியாசத்தை நான் காணவில்லை. சரி, அவள் விரதத்தை விட்டுவிட்டால்? அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனில் சந்திப்பதென்றால், அதற்குக் கலியாணம் எதற்கு, கலியாண நாள்தான் எதற்கு?

அமெரிக்காவில் ஜெர்ரி ஹார்வி என்ற பேராசிரியர் 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். டெக்ஸாஸில் கோல்மன் என்ற சிற்றூர். 104 டிகிரி வெயிலில் ஒரு குடும்பம் திண்ணையில் உட்கார்ந்து டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறது. 'அபிலீன் வரைக்கும் போய்ச் சாப்பிட்டு வரலாமா?' என்று மாமனார் கேட்கிறார். ஐம்பத்து மூன்று மைல். மகள், நல்ல யோசனை என்கிறாள். மாப்பிள்ளை, அத்தைக்கு இஷ்டமானால் சரி என்கிறார். அத்தை, எனக்கென்ன, போகலாமே என்கிறாள். புழுதியில் வெந்து, மட்டமான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து விழுந்த பிறகுதான் தெரிகிறது, நாலு பேரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை என்று. யோசனை சொன்ன மாமனாருக்கே இல்லை. மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்று கேட்டுவைத்தாராம். கம்பெனி நிர்வாகிகளுக்குப் பாடமாக ஹார்வி இதை எழுதினார். நிர்வாகிகள் கிடக்கட்டும், இந்த மாதிரி அபிலீன் பிரயாணங்கள் போகாத தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டா? திருப்பதிக்குப் போனவர்களிலேயே பாதிப் பேர் அப்படிப் போனவர்களாக இருக்கக்கூடும்.

ஆனாலும் ஹார்வியின் கதை எங்கள் கதைக்கு முழுக்கப் பொருந்தவில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருடைய வைத்தியம். எங்களுக்குள் மறைத்துவைத்த உண்மை எதுவும் இல்லை. எனக்குப் பிரியாணியில் ஆசை என்பது அவளுக்குத் தெரியும்; அவளுக்கு வெள்ளிக்கிழமை என்பது எனக்குத் தெரியும். அப்படியும் முடிச்சு அவிழவில்லை.

அவிழ்த்தது அவள்தான். நான் மூன்றாவது தடவையாக, "உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லேன்" என்று கேட்டபோது அவள் கொஞ்சம் அலுப்போடு சொன்னாள்: "இருபது வருஷமா தினம் இன்னிக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சாச்சு. இன்னிக்கு ஒரு நாளாவது யோசிக்காம இருக்கேனே!"

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. இருபது வருஷம் என்றால் 7,300 நாள். நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்தாலும் 14,600 தடவை ஒரு பெண்பிள்ளை, யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எது ஆகாது, வீட்டில் என்ன இருக்கிறது, விலை என்ன என்று நாலையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். மந்திரி சபைகள்கூட இத்தனை தீர்மானங்கள் போடுவதில்லை. அப்படிப்பட்டவளிடம் கலியாண நாளும் அதுவுமாக, 'நீயே சொல்' என்று கேட்பது உபசாரமா? அடுப்படி வேலையைத் தெருவிலும் கொண்டுவந்து கொடுப்பதுதானே அது? நாகரிகமுள்ள கணவன்மார்கள் எல்லோரும் இன்று இப்படித்தான் கேட்கிறோம். பெண்களுக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துக் கேட்கிறோம். அவளுடைய 'உங்க இஷ்டத்'தில் பணிவும் இல்லை, பழிக்குப் பயமும் இல்லை. அது ஒரு லீவு விண்ணப்பம்.

ஆகவே, முன்னே சொன்ன சந்தேகத்தை நான் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. யார் சொல்லுகிறார், அந்த வீட்டில் தினமும் தீர்மானிக்கிறவர் யார் என்று பார்க்காமல் அந்த வார்த்தைக்குப் பொருள் சொல்ல முடியாது. தினமும் தீர்மானிக்கிறவர் சொன்னால் அது ஓய்வு. ஒரு நாளும் தீர்மானிக்காதவர் சொன்னால் அது சோம்பல்.

லீவு கொடுத்தாயிற்று என்றால் வேலையை யாராவது பார்க்க வேண்டுமே! ஒரு துணிக்கடை வாசலில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். மற்றவருக்காகத் தீர்மானிக்கிறவனுக்கு இருக்க வேண்டிய மூலதனம் ஒன்றே ஒன்று: அவரைப் பற்றிய ஞானம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம், அவள் கத்திரிக்காய்க்கு உயிரை விடுகிறவள் என்பது. மூன்று கடைகளில் விசாரித்தேன். கத்திரிக்காயில் கறிச்சாறு சேருமா? அதற்கென்று தனிப் பாத்திரம் உண்டா? வெள்ளைச் சாதம் கிடைக்குமா? முதல் இரண்டு கடைகளில் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். பிரியாணிக் கடையில் வந்து பிரியாணியைத் தவிர மற்றதையெல்லாம் விசாரிக்கிறவனை வேறு என்னவென்று நினைப்பார்கள்? மூன்றாவது கடைக்காரர் பெரியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கத்திரிக்காய் சுத்த சைவம் என்றும், வீட்டுக்கு ஆக்கிய வெள்ளைச் சாதம் இருக்கிறது, தருகிறேன் என்றும் சொன்னார்.

உட்கார்ந்த பிறகு அவரே மேஜைக்கு வந்தார். "குஸ்கா கொடுக்கட்டுமாம்மா? கறித்துண்டு ஒண்ணுகூட வராம அள்ளித் தரேன்."

குஸ்கா விஷயம் பெரிய தர்மசாஸ்திரம். கறியோடு கூடவே வெந்த சோறு. ஆனால் இலையில் கறி இல்லை. துண்டு இல்லை என்பதால் அது சைவமாகிவிடுமா? ஆகிவிடும் என்று சாதிக்கிற விரதக்காரர்கள் எனக்குத் தெரிந்து சிலர் இருக்கிறார்கள். என் மனைவி சிரித்துவிட்டு வேண்டாம் என்றாள். அப்போது அந்தப் பெரியவர் ஒரு போடு போட்டார்: "எங்க கணக்குல மஃரிபோட வெள்ளிக்கிழமை முடிஞ்சு போச்சும்மா. இப்ப நடக்கிறது சனிக்கிழமை ராத்திரி."

உண்மைதான். அவர்களுக்கு நாள் என்பது சூரியன் விழுந்ததும் தொடங்குகிறது. நம் பஞ்சாங்கத்தில் சூரியோதயத்துக்குத் தொடங்குகிறது. எங்கள் கலியாண நாளையோ நாங்கள் நள்ளிரவில் தொடங்குகிற இங்கிலீஷ் தேதிப்படி கொண்டாடிக்கொண்டிருந்தோம். ஒரு மேஜையில் மூன்று காலண்டர்!

அவள் விட்டுவிடவில்லை. "அப்படின்னா எனக்கு நேத்து ராத்திரியே வெள்ளிக்கிழமை பிறந்திருக்கும் பாய். நேத்து ராத்திரி மீன் குழம்பு சாப்பிட்டுட்டேனே!" என்றாள். பெரியவர் கடகடவென்று சிரித்தார். இரண்டாவது தடவை கத்திரிக்காய் கேட்காமலே வந்தது.

நான் பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். அவள் எதிரில் வெள்ளைச் சாதமும் கத்திரிக்காயும் பச்சடியும் சாப்பிட்டாள். சேர்ந்து சாப்பிடுவது என்றால் ஒரே பதார்த்தத்தைச் சாப்பிடுவதுதானா என்று அப்போது யோசித்தேன். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்காகப் பெரிய சண்டைகளே நடந்திருக்கின்றன. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பதில் எழுந்த புயல், காங்கிரஸையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போயிற்று. அங்கே சாப்பாடு ஒன்றாக இருந்ததா என்பது முக்கியமில்லை. பந்தி இரண்டாக இருந்தது.

ஆம்பூரிலேயே இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. ஆடு உண்டு, கோழி உண்டு. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. அந்த ஊரில் எத்தனையோ பேருக்குத் தினசரிச் சாப்பாடு அது. கண்டனம் எழுந்தது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இது பாரபட்சமில்லையா என்று ஆதி திராவிடர், பழங்குடியினர் ஆணையம் கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பலருக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்துத்தான் அந்தத் தேர்வைச் செய்திருப்பார்கள். ஆனால் ஒருவருடைய சங்கடத்தைத் தவிர்க்க இன்னொருவருடைய பானையை வெளியே வைத்தால் அதற்கு ஊர் விருந்து என்று பெயர் வைக்க முடியுமா? என் மனைவி தன் விரதத்தோடு பிரியாணிக் கடையில் வந்து உட்கார்ந்தாள். என் இலையில் இருந்ததைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. தன் இலையில் இல்லாததை எண்ணி முகம் வாடவும் இல்லை. பந்தி என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் பாலாற்றுப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்திருந்தோம். ஆறு என்று சொல்லுகிறோமே தவிர, மணலும் முள்ளும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கழிவு நீர் இந்த ஆற்றையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் என்ன செய்தது என்பது சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி வந்த தீர்ப்பில், தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற கணிப்பு சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தைவிடப் பெரிய விஷயம், அந்தத் தீர்ப்பு இரண்டு கொள்கைகளை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது: தீங்கு வரக்கூடும் என்றால் முன்கூட்டியே தடுக்க வேண்டும், கெடுத்தவனே அதற்குண்டான செலவையும் தாங்க வேண்டும். 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேர வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! அந்தத் தோலால் தைத்த ஜோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் நாம் எல்லோரும். நம் இஷ்டத்துக்கு வாங்கினோம். விலைச்சீட்டில் கிணற்றுக்குண்டான தொகை மட்டும் சேர்ந்திருக்கவில்லை.

கலியாண நாள் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது இது எதற்கு என்று கேட்கலாம். எனக்கு அந்த இரண்டு கொள்கைகளும் குடும்பத்துக்கும் பொருந்தும் என்று படுகிறது. ஒருவருடைய இஷ்டம் நிறைவேறுகிற இடத்தில், அதற்கு உண்டான செலவை இன்னொருவர் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார் என்பதுதானே வீடுகளின் பழைய பொருளாதாரம்? அப்பாவுக்குப் புழுங்கலரிசி பிடிக்காது. ஆகவே வீட்டில் புழுங்கலரிசி கிடையாது. செலவு யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் பிரியாணி சாப்பிட வேண்டுமென்றால், மூன்று கடை ஏறி இறங்குகிற செலவு என்னுடையது. அது ஒன்றும் தியாகமில்லை. என் இஷ்டத்தின் விலை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய ஒரு பாட்டு உண்டு, 167-ஆவது பாட்டு. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண். பழக்கமில்லாத கையால் கட்டித் தயிரைப் பிசைகிறாள். கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. ஒரு புளிக்குழம்பு ஆகிறது. கணவன் சாப்பிட்டுப் பார்த்து, இனிக்கிறது என்கிறான். அவள் முகம் லேசாக மலர்ந்ததாம். பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் பெற்றவளிடம் சொல்லுகிறாள். இதில் குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்ததா என்று புலவர் சொல்லவில்லை. கணவன் சொன்னது ருசியைப் பற்றிய செய்தியா, புகை ஏறிய கண்ணைப் பற்றிய செய்தியா? சத்தியம் தவறாதவர்கள் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஆம்பூரில் இரண்டாவது தடவை வந்த கத்திரிக்காயையும் முடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் என் மனைவி. நான் கேட்காமலேயே சொன்னாள். எனக்கு மூன்று கடை ஏறிய கால்வலி போய்விட்டது. பெரியவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

நாலைந்து நாள் கழித்து வீட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய் வந்தது. அதே மாதிரி சின்னக் காய்கள், அதே மாதிரி காம்போடு நாலாகக் கீறியவை. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.

"புளியைக் குறைச்சுட்டேன்" என்றாள்.